ஆறரை அடி உயரத்தில் ஒரு சைக்கிள்

எங்கள் வீட்டு முன்னால் ஒரு போர்ட்டிகோ இருக்கிறது. வீடு கட்டிய மேஸ்திரி, "நாளைக்கி கார் வாங்கனா உள்ளயே நிறுத்திக்கலாம்க்கா" என்று சொல்லித்தான் அதைக் கட்டினார். அவர் மனதில் இருந்தது எந்தக் கார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அகலம் ஆறடி, நீளம் பத்தடி. அதற்குள் என் ஸ்கூட்டர், என் வீட்டுக்காரரின் பைக், பிளஸ் டூ படிக்கும் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள், என் நைனாவின், அதாவது அப்பாவின், பழைய சைக்கிள் என்று நான்கு வண்டிகள் நிற்க வேண்டும். நிற்காது. ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டிருக்கும்.

நான் அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். காலையில் கவுன்டரைத் திறக்க ஐந்து நிமிடம் தாமதமானால் போதும், முட்டிவலிக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்றபடி என் பரம்பரையையே இழுப்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தைத் தினமும் தின்றது நைனாவின் சைக்கிள். அவர் ஆறு மணிக்கு அதை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குக் கிளம்புவார். ஏழரைக்குத் திரும்புவார். திரும்பியவர் சைக்கிளைக் கேட் தூணில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். என் ஸ்கூட்டர் உள்ளே சிறைப்பட்டிருக்கும். சைக்கிளை நகர்த்தினால் அது மகளின் சைக்கிள்மேல் விழும், அது என் ஸ்கூட்டர்மேல் விழும். இரண்டு முறை கண்ணாடி உடைந்தது.

"டபுள் ஸ்டாண்டு போட்டு ஓரமா நிறுத்தக் கூடாதா நைனா?"

"மறந்துட்டேம்மா."

முன்பெல்லாம் மறக்கமாட்டார். அம்மா போன பிறகு, மேல்சித்தாமூர்ப் பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஒரு பெட்டியும் இந்த சைக்கிளுமாக எங்கள் வீட்டுக்கு வந்த காலத்தில், வண்டியைச் சுவரை ஒட்டி ஸ்டாண்டு போட்டு, ஹேண்டிலைச் சரியாகத் திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். இரண்டு வருடமாகத்தான் இந்தச் சாய்ப்பு. வயதானால் பிடிவாதம் வரும், இவருக்கு அலட்சியம் வந்திருக்கிறது என்று நான் எனக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும். உட்கார்ந்து ஒரு வாய் காபி குடிக்கமாட்டேன். நின்றுகொண்டே குடிப்பேன், குடித்துக்கொண்டே மகளைத் திட்டுவேன், திட்டிக்கொண்டே சாவியைத் தேடுவேன். இப்படி ஓடுகிறவளுக்கு மனிதர்களைப் பார்க்க நேரம் ஏது? இதை இப்போது சொல்கிறேன். அப்போது இடைஞ்சலாக நின்ற சைக்கிள் மட்டும்தான் கண்ணில் பட்டது.

ஒருநாள் எங்கள் நர்ஸ் வேலைக்கு வந்ததும் வராததுமாகச் சொன்னாள். "இன்னாக்கா, உங்க நைனாவ திண்டிவனம் ரோட்ல பாத்தேன். சைக்கிளோட நடு ரோட்ல நின்னுக்கினு இருக்காரு. லாரிக்காரன் ஆரன் அடிக்கிறான், அடிக்கிறான், அசையவே இல்ல. எனக்கு நெஞ்சு அடச்சிப் போச்சு."

அன்று முழுவதும் எந்த மாத்திரையை யாருக்குக் கொடுத்தேன் என்று ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்க்க வேண்டியிருந்தது. எழுபத்தாறு வயது. காது பாதி. அந்த ரோட்டில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகிறார். நிறுத்தச் சொல்லலாமா? ஒருமுறை, "ஆட்டோவுல போயிட்டு வாங்களேன் நைனா" என்று சாதாரணமாகச் சொன்னதற்கே இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "எனக்கு இன்னா கால் இல்லியா?" என்று ஒரே ஒரு கேள்வி. அதன்பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

அவரிடமிருந்து சைக்கிளை எடுக்க வேண்டும், எடுத்தது நான் என்று தெரியக்கூடாது. அப்போதுதான் ரேக் யோசனை வந்தது. இடமில்லை, சுவரில் மாட்டிவிடுகிறோம் என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? இடமில்லை என்பது உண்மையும்கூட. பாதி உண்மை கையில் இருந்தால் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று எனக்கே ஆச்சரியம்.

என் வீட்டுக்காரருக்கு மோட்டார் ரிப்பேர்க் கடை. டிரில்லிங் மெஷினை எடுக்க ஒரு சாக்குக் கிடைத்தால் அவருக்குத் தீபாவளி. இரண்டு நாள் போனில் ரேக்குகளாகப் பார்த்துத் தள்ளினார். முன் சக்கரத்தை மட்டும் கொக்கியில் மாட்டித் தொங்கவிடுவது ஒன்று. கூரைக்கும் தரைக்கும் நடுவில் கம்பம் நிறுத்தி, அதில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வண்டி வைப்பது ஒன்று. கயிறும் கப்பியும் வைத்துக் கிணற்றில் தண்ணீர் சேந்துகிற மாதிரி வண்டியை மேலே இழுப்பது ஒன்று. தரையில் வைத்துச் சக்கரத்தைச் செருகுகிற ஸ்டாண்டையும் காட்டினார்.

"இது நல்லாருக்குதுபா. தள்ளிக்கினு வந்து வுட்டா நின்னுக்கும். மாமாவுக்கும் சுலுவு."

"தரையில எடம் இருந்தா நான் ஏன் அழுவறேன்? மேல மாட்டறதா பாருங்க" என்றேன்.

கொக்கியைத்தான் வரவழைத்தோம். படத்தில் அதில் தொங்கியது ஒல்லியான, மட்கார்டு இல்லாத, கேரியர் இல்லாத, எங்கள் ஊரில் யாரும் ஓட்டாத சைக்கிள். நைனாவின் வண்டிக்கு இரும்பு மட்கார்டு, அரை செயின் கவர், நெல் மூட்டை கட்டின கேரியர், டபுள் ஸ்டாண்டு எல்லாம் உண்டு. கொக்கி மட்கார்டில் இடித்துக்கொண்டு சக்கரத்தைத் தொடவே இல்லை. மட்கார்டைக் கொஞ்சம் நெளித்து மாட்டினார். வண்டி அரை நிமிடம் தொங்கியது. பிறகு கொக்கி மெதுவாக வளைந்து, எங்கள் கண் முன்னாலேயே வண்டியைத் தரையில் இறக்கி வைத்தது. மகள் சிரித்த சிரிப்பில் தெருவே எட்டிப் பார்த்தது.

நான் விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே திருவண்ணாமலை ரோட்டு வெல்டிங் கடைக்காரரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பொறுமையான மனிதர், எதையும் கையால் தட்டிப் பார்த்துத்தான் பேசுவார். சுவரைத் தட்டினார், சைக்கிளின் மேல் பாரைத் தட்டினார். எல் வடிவ இரும்பு ஆங்கிளில் சுவரிலிருந்து இரண்டு கை நீட்டி, அதில் பழைய டியூபைச் சுற்றி, பாரைத் தூக்கி அதன்மேல் உட்காரவைத்துவிடலாம் என்றார்.

"எவ்ளோ ஒசரத்துல?"

"நாலடி" என்றார் வீட்டுக்காரர்.

"ஆறரை" என்றேன் நான்.

வெல்டிங்காரர் என்னையும் சைக்கிளையும் பார்த்தார். "அவ்ளோ மேல இருந்து யாருக்கா எறக்குவாங்க?"

"அடியில என் ஸ்கூட்டர் நிக்கணும்ல" என்றேன். அதுவும் உண்மைதான்.

இரண்டு நாளில் கொண்டுவந்து பொருத்தினார். அவரும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியைத் தூக்கினார்கள். தூக்கும்போது வெல்டிங்காரர், "செயினு துருப்புடிச்சி கெடக்குதே. சீட்டுல இன்னா இவ்ளோ தூசு? கைப்புடி ரப்பர் மட்டும் பாருங்க, தேஞ்சி வழவழன்னு இருக்குது" என்றார். "மழையில நனஞ்சிருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. வண்டி ஏறி உட்கார்ந்ததா என்று மட்டும் பார்த்தேன்.

நைனா வாசற்படியில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எல்லாம் முடிந்தபிறகு, "எறக்கணும்னா?" என்றார்.

"சொல்லுங்க நைனா. எப்ப வேணும்னாலும் எறக்கித் தர்றோம்."

மறுநாள் ஆறு மணிக்கு முகம் கழுவி, சட்டை போட்டுக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்தார். "எம்மா, வண்டிய எறக்கித் தர்றியா?" வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. என் கையில் தோசைக்கரண்டி. "இருங்க நைனா, வர்றேன்" என்றேன். ஆறே கால் ஆயிற்று, ஆறரை ஆயிற்று. நான் வேண்டுமென்றேதான் போகவில்லை. ஏழு மணிக்குச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை.

நான் ஜெயித்துவிட்டேன். போர்ட்டிகோ காலியாக, அழகாக இருந்தது. ஸ்கூட்டர் ஒரே இழுப்பில் வெளியே வந்தது. வேலைக்கு நேரத்தோடு போனேன். நர்ஸ் கேட்டபோது, "சைக்கிளத் தூக்கி மேல மாட்டிட்டோம்ல" என்று பெருமையாகச் சொன்னேன்.

ஆனாலும் மனது ஓரிடத்தில் நிற்கவில்லை. காரணமில்லாமல் அலமாரியைக் காலிசெய்து அடுக்கினேன். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினேன். கவுன்டரில் உட்கார்ந்திருக்கும்போது, வீட்டுக்குப் போன் போட்டு நைனா என்ன செய்கிறார் என்று மகளைக் கேட்கத் தோன்றும். அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள் என்பது போனை எடுத்தபிறகுதான் நினைவுக்கு வரும். நைனா சவரம் செய்வதை விட்டுவிட்டார். பேப்பரை மடித்தபடியே வைத்திருந்தார். "டீக்கடைக்கி நடந்தாவது போயிட்டு வாங்களேன்" என்றால், "அங்க இன்னா இருக்குது" என்பார். புதிதாக வெள்ளையடித்த ஹால் சுவரில் இடுப்பு உயரத்தில் வரிசையாகக் கைத்தடம் விழ ஆரம்பித்தது. "செவுத்த ஏன் நைனா தொட்டுத் தொட்டு அழுக்காக்கறீங்க?" என்று அதற்கும் ஒரு கத்து கத்தினேன். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கை என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு சாயங்காலம், அவருக்குப் பிடித்த பன்னை வாங்கலாம் என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். டீ மாஸ்டருக்கு என்னைத் தெரியும்.

"அய்யா ஏங்க்கா வர்றதே இல்ல? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் இருக்காரு. சைக்கிளத் தூக்கி மேல மாட்டிட்டோம். இந்த வயசுல இந்த ரோட்ல ஓட்டக் கூடாதுல்ல?"

டீயை ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"ஓட்டறதா? அய்யா ஓட்டி ரெண்டு வருசம் ஆவுதுக்கா. ஏறவே மாட்டாரே. புடிச்சிக்கினு நடந்துதான் வருவாரு. அதுலதான் அவரு நடையே. கால் வரலைன்னா ரோட்லயே செத்த நேரம் நின்னுக்குவாரு, நாங்க ஓடிப்போயி வண்டிங்கள நிறுத்துவோம். ஒரு கைத்தடி வாங்கிக்கோங்கய்யான்னு ஒருநாள் சொல்லிட்டேன், அடேயப்பா, திட்டுன திட்டு! உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. ஒரே கூரையின் கீழ் இருக்கிற எனக்குத் தெரியாது.

பன்னை வாங்கினேனா இல்லையா என்றுகூட நினைவில்லை. ஸ்கூட்டரை ஓட்ட முடியாமல் எங்கள் ஊர் மலைக்கோட்டைப் பக்கத்து ரோட்டோரம் நிறுத்திவிட்டு நின்றேன். ஒவ்வொன்றாக வந்து மோதியது. துருப்பிடித்த செயின். தூசு படிந்த சீட்டு. கைப்பிடி ரப்பர் மட்டும் தேய்ந்திருந்தது. டபுள் ஸ்டாண்டு போட மறக்கவில்லை அவர். ஒரு காலைத் தூக்கி ஸ்டாண்டை மிதித்தால் இன்னொரு கால் அவரைத் தாங்காது. சுவரில் விழுந்த கைத்தடம் அழுக்கு இல்லை, அவர் ஹாலைக் கடந்து போன வழி. நர்ஸ் சொன்னபோதும், 'சைக்கிளோட நின்னுக்கினு இருக்காரு' என்றுதான் சொன்னாள். ஓட்டியதாக எடுத்துக்கொண்டது நான்.

எங்கள் ஊரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பஞ்சராகி இருக்கலாம். மூட்டை ஏற்றியிருக்கலாம். கூட நடக்கிறவரோடு பேசிக்கொண்டு போகலாம். கைத்தடி பிடித்தவனைத்தான், "இன்னா பெருசு, முடியலியா?" என்று கேட்பார்கள். நைனா இதைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, இரண்டு வருடமாக ஊரையும் வீட்டையும் ஏமாற்றி ஆண்பிள்ளையாக நடந்திருக்கிறார். தினமும் நூறு பேருக்கு முட்டிவலி மாத்திரை எண்ணிக் கொடுக்கிற நான், வரிசையில் யாருக்கு எந்தக் கால் இழுக்கிறது என்று கவுன்டருக்குள் இருந்தே சொல்கிற நான், அவர் காலை எடுத்து ஆறரை அடி உயரத்தில் மாட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. யார்மேலாவது கோபப்பட வேண்டும்போல இருந்தது. யாரும் இல்லை.

வீட்டுக்குப் போகாமல் நேராக வீட்டுக்காரர் கடைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "மாமாகிட்ட இன்னான்னு சொல்றது?" என்றார்.

"தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கக் கூடாது. செவுரு விரிசல் வுடுதுன்னு சொல்லிக்கலாம்."

அன்று சாயங்காலமே வண்டியை இறக்கினோம். நைனா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். "ரேக்கு வெயிட்டு தாங்கல நைனா. செவுரு விரியுது. இனிமே கீழதான்" என்றேன். விரிசலே இல்லாத சுவரை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமா, ஆமா. செவுரு முக்கியம்" என்றார்.

மறுபடியும் வெல்டிங்காரர் வந்தார். "மேல மாட்டச் சொன்னீங்க, இப்ப கீழயாக்கா?" என்றார். கேட்டை ஒட்டி, நைனா உள்ளே நுழைந்ததும் கைக்கு எட்டுகிற இடத்தில், முன் சக்கரத்தைச் செருகுகிற மாதிரி இரண்டு பைப் நட்ட ஸ்டாண்டு. தள்ளிக்கொண்டு வந்து விட்டால் நிமிர்ந்து நிற்க வேண்டும். தூக்கவும் கூடாது, மிதிக்கவும் கூடாது. எடுக்கும்போது பின்னால் இழுத்தால் வந்துவிட வேண்டும். அவர் பொருத்தி முடித்ததும் வண்டியைச் செருகி, ஹேண்டிலில் என் முழு எடையையும் போட்டுச் சாய்ந்தேன். ஆடியது. தரையில் இன்னும் இரண்டு போல்ட் அடிக்கச் சொன்னேன். மறுபடி சாய்ந்தேன்.

"சைக்கிள் நிக்கறதுக்கு எதுக்குக்கா இவ்ளோ பலம்?"

"எங்க வூட்டு சைக்கிள் வெயிட்டு" என்றேன்.

அடுத்த நாள் பிரேக் கட்டைகளை மாற்றினோம். டயருக்குக் காற்றடித்தோம். நெளிந்த மட்கார்டை வீட்டுக்காரர் தட்டி நிமிர்த்தினார். வேலையில்லாத செயினைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. என் ஸ்கூட்டர் தெருவுக்குப் போய்விட்டது. மலைப்பாறைகள் கக்குகிற வெயிலில் அதன் சீட் வெடித்துவிட்டது, உட்கார்ந்தால் சுடுகிறது. அந்த ஆறரை அடி ரேக் சும்மா நீட்டிக்கொண்டிருக்கிறது. மகள் அதில் மழைக்கோட்டை மாட்டுகிறாள்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆறு மணியிலிருந்து ஏழரை வரை நான் ஒரு வேலையையும் உருப்படியாகச் செய்வதில்லை. ரோட்டில் லாரி ஆரன் கேட்டால் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கு வருகிறேன், போகிறேன், வருகிறேன். டீ மாஸ்டரிடம், "ரோட்டத் தாண்டும்போது பாத்துக்கப்பா" என்று ஒருநாள் கெஞ்சினேன். "தெனமும் அதான்க்கா செய்றோம்" என்றார். இருந்தாலும் கால் நிற்கமாட்டேன் என்கிறது.

வண்டியை இறக்கி நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அப்படிக் கேட்டருகே நின்றபோதுதான் பார்த்தேன். தெருமுனை கரண்ட் கம்பத்தில் நைனா திரும்பினார். ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக. கம்பத்தில் தோளைச் சாய்த்து நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு இடது காலை மெல்லத் தூக்கிப் பெடல்மேல் வைத்தார். வைத்து, எடுத்தார். இப்போதுதான் சீட்டிலிருந்து இறங்கிய ஆள் மாதிரி. இறங்கியதும் பெல்லை இரண்டு முறை அடித்தார்.

அந்தப் பெல் சத்தத்தை நான் இரண்டு வருடமாகக் கேட்டிருக்கிறேன். கையில் சாவியோடு வாசலில் நின்று, "சீக்கிரம் வாங்க நைனா, நேரமாவுது" என்று கத்தியிருக்கிறேன்.

அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் உள்ளே ஓடிவந்து அடுப்பின் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். சக்கரம் ஸ்டாண்டுக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. சுவரைத் தொட்டுத் தொட்டு அவர் வந்து சமையல்கட்டு நிலையில் நின்றார். சவரம் செய்திருந்தார்.

"செயினுக்கு எண்ணெ போட்டியாம்மா? இன்னா லேசா ஓடுது தெரியுமா வண்டி!"

நான் திரும்பவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டேன்.

"போட்டேன் நைனா" என்றேன்.